நெருப்பில்லாத அடுப்பும் அவித்த முட்டையும்



இம்மாதம் ஒரு முட்டையைப் பற்றி எழுதப் போகிறேன். "முட்டையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்பது எனக்கும் கேட்கிறது. முன்பு நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இரத்தோட்டைப் பக்கம் நான் வழமையாகப் போய்வரும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுத் தாய் ஏழு வருடங்கள் அரபு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவர். திரும்பி வந்தபோது பெரிய பெட்டி ஒன்றும் கூடவே வந்தது. அதற்குள் போர்வைகள், பால்மா டின்கள், பிள்ளைக்குச் சப்பாத்து, ஒரு மைக்ரோவேவ் அடுப்பு. அடுப்பைக் குசினி மேசையில் வைத்து, பூப்போட்ட துணியொன்றால் மூடி வைத்திருந்தார்கள். பெருநாளுக்கும் விருந்தாளிக்கும் மட்டும் எடுக்கும் பீங்கான் கோப்பை போல அதற்கும் வீட்டில் ஒரு மரியாதை இருந்தது.

ஒரு நாள் பின்னேரம் பதினான்கு வயது மகள் ரியூஷன் முடிந்து பசியோடு வந்தாள். அம்மா கடைக்குப் போயிருந்தார். மத்தியானக் கறியிலிருந்த அவித்த முட்டையொன்றைப் பேத்திக்கென எடுத்து வைத்திருந்தார் அம்மாயி. "ஆறிப் போச்சு, சுட வச்சுத் தின்னு புள்ள" என்றார். பிள்ளை முட்டையைக் கோப்பையில் போட்டு அடுப்பில் வைத்து, ஒரு நிமிடம் அழுத்தினாள். மணி அடித்தது. வெளியே எடுத்தாள். முட்டையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கரண்டியின் நுனியால் வெட்டப் போனாள். அவ்வளவுதான்! பட்டாசு போல் ஒரு சத்தம். கொதித்த மஞ்சட்கரு கன்னத்திலும் கீழுதட்டிலும் கண்ணிமையிலும் தெறித்தது. அம்மாயி பதறிப்போய்ப் பற்பசையை எடுத்து முகமெல்லாம் பூசிவிட்டார்.

கண் தப்பியது. கன்னத்தில் தழும்பு இருக்கிறது. அது மெல்ல மெல்ல மங்கும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறாராம்.

நான் போன அன்று அந்தத் தாய் சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை. "அந்த அரபு வீட்டுப் பிள்ளைங்களுக்கு நூறு தடவ சொல்லியிருப்பேன் மிஸ். முட்டைய அதுக்குள்ள வைக்காதீங்க, வைக்காதீங்கன்னு. என் பிள்ளைக்கு ஒரு தடவ கூடச் சொல்லல்லியே."

அவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அந்த வீட்டுக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பாஸ்புத்தகத்தைப் பார்த்தேன். பிள்ளையின் பாடசாலை வரவைக் கேட்டேன். அம்மாயியின் பிரஷர் மாத்திரையைக்கூட விசாரித்தேன். குசினி மேசையில் பூப்போட்ட துணிக்குள் இருந்த பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே இந்த மாதப் பக்கம் அந்தப் பிள்ளைக்கு நான் பட்ட கடன்.

பெட்டி எப்படிச் சுடுகிறது?

விறகடுப்பைப் பார்த்தால் பயம் தானாக வருகிறது. நெருப்புத் தெரிகிறது, புகை வருகிறது, சட்டி சிவக்கிறது. "கிட்டப் போகாதே" என்று குழந்தைக்குச் சொல்ல வேண்டியதில்லை, அனல் பட்டாலே விலகிக்கொள்ளும். மைக்ரோவேவ் அடுப்பில் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. நெருப்பில்லாத இடத்தில் நமது எச்சரிக்கையும் இல்லாமற் போய்விடுகிறது.

இந்த அடுப்புக்குள் வானொலி அலையின் இனத்தைச் சேர்ந்த நுண்ணலைகள் பாய்கின்றன. அவை உணவிலுள்ள நீரின் நுண்ணிய துகள்களை ஆட்டி அலைக்கின்றன. அந்த ஆட்டமே சூடாக மாறுகிறது. சட்டி சூடாகி, சட்டியிலிருந்து உணவு சூடாகும் வழமையான முறை இதில் இல்லை. அலைகள் உணவுக்குள் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் ஆழம் வரை நேரடியாகவே போய்விடும். முட்டை சிறியது என்பதால் நடுவிலுள்ள மஞ்சட்கரு வரை அவை எட்டிவிடுகின்றன.

இந்த அடுப்பின் கதையே ஒரு முட்டையோடுதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் பெர்சி ஸ்பென்சர் என்றொருவர் இருந்தார். 1894 இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, மாமன் மாமி வீட்டில் வளர்ந்து, பன்னிரண்டு வயதில் நூற்கட்டைகள் செய்யும் ஆலைக்கு வேலைக்குப் போனவர். ஆரம்பப் பாடசாலைப் படிப்பைக் கூட முடிக்கவில்லை. பின்னாளில் ரேதியோன் என்ற நிறுவனத்தில், யுத்தகால ராடர் கருவிகளுக்கான மக்னற்றோன் குழாய்களைச் செய்யும் பொறியியலாளராக உயர்ந்தார். அந்தக் குழாயின் அருகே நின்றபோது சட்டைப் பையிலிருந்த இனிப்பு உருகியதைக் கண்டாராம். அடுத்துச் சோளப் பொரியைச் செய்து பார்த்தார். அதற்கடுத்து ஒரு முட்டை. என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்த்த சக ஊழியரின் முகத்திலேயே அது வெடித்தது என்று சொல்வார்கள். 1945 இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947 இல் முதலாவது அடுப்பு விற்பனைக்கு வந்தது. அது ஒரு மனிதனின் உயரமும் முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரமும் கொண்டிருந்தது.

பாருங்கள், இந்த அடுப்பைக் கண்டுபிடித்தவர்களுக்கே முதற்பாடம் சொன்னது முட்டைதான். அந்தப் பாடம் மட்டும் அடுப்போடு சேர்ந்து நமது வீட்டுக்கு வரவில்லை.

முட்டை ஏன் வெடிக்கிறது?

முட்டையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். சட்டித் தண்ணீரில் அவிக்கும்போது அந்தத் தண்ணீர் 100 பாகை செல்சியசுக்கு மேல் சூடாவதில்லை. அதனால் முட்டையின் உள்ளும் அதற்கு மேல் போவதில்லை. சட்டித் தண்ணீர் முட்டைக்கு ஒரு காவற்காரன் போல. மைக்ரோவேவில் அந்தக் காவற்காரன் இல்லை. அலைகள் நேரே உள்ளே போய், உள்ளிருக்கும் நீரையே கொதிநிலைக்குத் தள்ளுகின்றன.

நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் அதிகமான இடத்தைக் கேட்கும். முட்டையோ மூடிய அறை. ஓடு ஒரு சுவர், அதன் உட்பக்கத் தோல் ஒரு சுவர், மஞ்சட்கருவைச் சுற்றிய மெல்லிய தோல் இன்னொரு சுவர். ஓட்டிலே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டுதான். ஆனால் அவ்வளவு வேகமாக வரும் ஆவிக்கு அவை போதாது. வழி கிடைக்காத ஆவி, சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

"அப்படியானால் ஓட்டை உரித்துவிட்டால் சரிதானே?" என்பதுதான் பலர் கேட்கும் கேள்வி. இல்லை, சகோதரிகளே! இரத்தோட்டைப் பிள்ளை வைத்ததும் ஓடு உரித்த முட்டைதான்.

2017 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஒலியியல் அறிஞர்கள் கூடிய மாநாடொன்றில் இதைப் பற்றிய ஆய்வொன்று சமர்ப்பிக்கப்பட்டது. மைக்ரோவேவில் சூடாக்கிய முட்டையை உணவகத்தில் கடித்தபோது அது வெடித்து, வாய் வெந்ததோடு காதும் பாதிக்கப்பட்டது என்று ஒருவர் வழக்குத் தொடுத்திருந்தார். அந்த வழக்குக்காக அன்தனி நாஷ், லோரன் வொன் புளோன் என்ற இருவர் ஏறத்தாழ நூறு முட்டைகளை அவித்து, நீருள்ள பாத்திரத்தில் வைத்து மைக்ரோவேவில் மீண்டும் சூடாக்கிப் பார்த்தார்கள். சில உள்ளேயே வெடித்தன. தப்பி வெளியே வந்தவற்றைக் கூரான கருவியால் குத்தினார்கள். அவற்றில் பத்துக்கு மூன்று அளவில் அப்போதுதான் வெடித்தன! ஓர் அடி தூரத்தில் சத்தம் 86 முதல் 133 டெசிபெல் வரை இருந்தது. காது கெடும் வாய்ப்பு மிகக் குறைவு என்றே அவர்கள் சொன்னார்கள். ஆனால் நமக்கு முக்கியமானது வேறொன்று. முட்டையைச் சுற்றியிருந்த தண்ணீரை விட மஞ்சட்கரு அதிகச் சூடாக இருந்தது.

மஞ்சட்கரு வெந்து இறுகும்போது அதற்குள் சின்னச் சின்ன நீர்ப்பைகள் அகப்பட்டுக்கொள்கின்றன என்பது அவர்களின் விளக்கம். அந்த நீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. கரண்டியோ பல்லோ பட்டவுடன் எல்லாம் ஒரே நொடியில் ஆவியாகிறது. ஆகவே முட்டை வெடிக்கும் மிக ஆபத்தான நேரம், அடுப்புக்குள் இருக்கும் நேரமல்ல. முகத்துக்கு நேரே பிடித்து, வாயருகே கொண்டு போகும் நேரமே அது.

பிரித்தானியாவிலும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் கண்ணில் இப்படிப் பலத்த காயம் ஏற்பட்ட விவரத்தை 2004 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை வெளியிட்டது. அதுவும் முன்பே அவித்த முட்டைதான். அதுவும் அடுப்பிலிருந்து வெளியே எடுத்த பின்னர்தான் வெடித்தது.

நமது குசினிகளில்

"எங்கள் வீட்டில் இந்த அடுப்பே இல்லையே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2021 இன் கடைசி மாதங்களில் நாட்டின் பல இடங்களிலும் சமையல் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் நடந்தன. 2022 இல் சிலிண்டருக்காக வீதியோரம் இரவு பகலாகக் காத்துக் கிடந்தோம். அந்தப் பயத்திலும் அலைச்சலிலும் வசதியுள்ள பலர் மின்சார அடுப்புகளின் பக்கம் திரும்பினார்கள். இன்று மாத்தளை நகரத்துக் கடைகளிலும் அலுவலகச் சாப்பாட்டறைகளிலும் மைக்ரோவேவ் சாதாரணமாகிவிட்டது. நமது பெண்களிற் பலர் வேலை பார்ப்பதும் அப்படிப்பட்ட இடங்களில்தான்.

முட்டையும் எப்போதும் மலிவான பொருளாக இருப்பதில்லை. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்ததை நாம் மறக்கவில்லை. மிஞ்சிய முட்டையை எறிய எந்தத் தாய்க்கு மனம் வரும்? மறுவேளைக்கு எடுத்து வைக்கிறோம், சூடாக்கிக் கொடுக்கிறோம். சிக்கனமான நல்ல பழக்கந்தான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடைச் சோற்றுப் பார்சலிலும் பிரியாணியிலும் முழு முட்டை ஒன்று சோற்றுக்குள் புதைந்திருக்கும். பசி அவசரத்தில் பார்சலை அப்படியே அடுப்பில் வைத்தால் முட்டையும் சேர்ந்து சூடாகிறது. பார்சலை விரித்து, முட்டையை வெளியே எடுத்துவிட்டுச் சோற்றை மட்டும் பீங்கான் தட்டில் சூடாக்குங்கள். லஞ்ச் ஷீற்றையும் அலுமினியத் தாளையும் உள்ளே வைக்கவே வேண்டாம்.

சரியான முறை என்ன?

ஓட்டோடு கூடிய முட்டையை, பச்சையோ அவித்ததோ, மைக்ரோவேவில் ஒருபோதும் வைக்காதீர்கள். ஊசியால் ஓட்டில் துளை போட்டாலும் நம்ப முடியாது.

அவித்த முட்டையைச் சூடாக்க மைக்ரோவேவே தேவையில்லை. கேத்தலில் கொதித்த தண்ணீரை ஒரு கோப்பையில் ஊற்றி, முட்டையை அதில் போட்டு, பத்து நிமிடம் மூடி வையுங்கள். அம்மாயி காலத்து வழிதான். இன்றும் அதைவிடப் பத்திரமான வழி இல்லை.

முட்டைக் கறியானால் முட்டைகளை வேறாக எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் நன்றாகச் சூடாக்குங்கள். பிறகு முட்டைகளைக் குழம்பில் போட்டுச் சில நிமிடம் மூடி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த கறியானால், எல்லாவற்றையும் சட்டியில் போட்டு அடுப்பில் கொதிக்க வைப்பதே நல்லது.

கட்டாயம் மைக்ரோவேவில்தான் சூடாக்க வேண்டுமென்றால், முட்டையை உரித்து, மஞ்சட்கருவும் வெட்டுப்படும்படி சிறு துண்டுகளாக்குங்கள். மஞ்சட்கருவை முள்ளுக்கரண்டியால் மசித்துவிடுங்கள். பாதிச் சக்தியில் பதினைந்து இருபது செக்கன் வீதம் வைத்துப் பாருங்கள். இரண்டு பாதியாக வெட்டினால் மட்டும் போதாது, மஞ்சட்கரு கட்டியாக இருக்கும்வரை ஆபத்தும் அதற்குள் இருக்கிறது.

பச்சை முட்டையைச் சமைப்பதானால் எல்லாவற்றிலும் பத்திரமானது அடித்துக் கலக்கிய முட்டை. கோப்பையில் ஊற்றி, ஒரு கரண்டி பால் சேர்த்து, முப்பது செக்கனுக்கு ஒரு தடவை எடுத்துக் கலக்கிக் கலக்கி வையுங்கள். முழு முட்டையாக உடைத்து ஊற்றுவதானால், மஞ்சட்கருவின் தோலை முள்ளுக்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திய பின்னரே வையுங்கள். மேலே ஒரு தட்டைச் சற்று விலக்கி மூடுங்கள்.

அடுப்பு நின்றதும் உடனே கதவைத் திறந்து முகத்தை நீட்டாதீர்கள். ஒரு நிமிடம் விட்டுவிடுங்கள். மைக்ரோவேவ் எல்லா இடத்தையும் ஒரே மாதிரிச் சூடாக்காது. ஆகவே வெள்ளையும் மஞ்சளும் இறுகி வெந்திருக்கிறதா என்று பார்த்தே சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுங்கள். அரை வேக்காட்டில் கிருமிகள் பிழைத்திருக்கலாம்.

யாராவது தவறுதலாக முழு முட்டையை வைத்துவிட்டால்? அடுப்பை நிறுத்துங்கள், கதவைத் திறக்காதீர்கள், நன்றாக ஆறும்வரை யாரையும் கிட்ட விடாதீர்கள். ஆறிய பிறகும் அந்த முட்டையை வாயில் வைக்க வேண்டாம். ஒரு முட்டை நட்டமானால் ஆகட்டும்.

வெந்துவிட்டால்

பற்பசை, மை, பட்டர், முட்டை வெள்ளை எதுவும் பூச வேண்டாம். அவை சூட்டை உள்ளேயே அடக்கிவிடும், புண்ணிலும் கிருமி சேரும். வெந்த இடத்தைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரின் கீழ் இருபது நிமிடம் பிடியுங்கள். ஐஸ்கட்டி வேண்டாம். வீக்கம் வருமுன் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பிறகு சுத்தமான துணியால் இலேசாக மூடி, வைத்தியரிடம் போங்கள்.

கண்ணில் பட்டால் தேய்க்க விடாதீர்கள். சூடான உணவு மட்டும் தெறித்திருந்தால் சுத்தமான தண்ணீரால் மெல்லக் கழுவுங்கள். கீறலோ இரத்தமோ இருந்தால், ஓட்டுத்துண்டு குத்தியிருந்தால், எதையும் பிடுங்காமல், கழுவாமல், கண்ணில் அழுத்தம் படாதபடி ஒரு காகிதக் கோப்பையால் மூடி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். வாய்க்குள் வெந்து, உதடோ தொண்டையோ வீங்கினாலும் தாமதிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்த இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்குங்கள்.

பெட்டி வந்தது, பாடம் வரவில்லை

நான் சமூகவியல் படித்த காலத்தில் ஒக்பேர்ன் என்ற அமெரிக்க அறிஞரின் கருத்தொன்றைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். 1922 இல் எழுதிய நூலில் அவர் சொன்னது இது: பொருள்கள் சமூகத்துக்குள் வேகமாக வந்துவிடும், அவற்றோடு வாழும் பழக்கமும் அறிவும் பின்தங்கியே வரும். இதனைப் பண்பாட்டுப் பின்னடைவு என்பார்கள். அன்று அது எனக்கு ஐந்து புள்ளிக்கான விடை. இரத்தோட்டைப் பிள்ளையின் கன்னத்தைப் பார்த்த அன்றுதான் அதன் பொருள் விளங்கியது.

நமது மாவட்டத்திலிருந்து எத்தனை தாய்மார் கடல் கடந்து போயிருக்கிறார்கள்! வீட்டுப் பணிக்குப் போகும் பெண்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பயிற்சி உண்டு. மின்சாதனங்களைக் கையாளுவதும் அதிலொரு பாடம். மிச்சத்தை அந்நிய வீட்டில், அந்நிய மொழியில், ஏச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே கற்றுக்கொள்கிறார்கள். அப்படி அரும்பாடுபட்டுக் கற்றதை வீட்டுக்கு வந்தபின் யாரும் கேட்பதில்லை. "என்ன கொண்டு வந்தாய்?" என்று கேட்கிறோம். "என்ன கற்று வந்தாய்?" என்று கேட்கிறோமா?

அந்தத் தாய் அன்று அழுதுவிட்டு ஒரு வேலை செய்தார். மகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, அடுப்பின் கதவில் ஒட்டினார். அதில் மகளின் கையெழுத்தில், தமிழில் மூன்று வரி: முழு முட்டை வைக்காதே. மஞ்சளைக் குத்து. ஒரு நிமிடம் பொறு. அம்மாயிக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் கீழே ஒரு முட்டையை வரைந்து, குறுக்கே கோடும் போட்டிருந்தாள் பிள்ளை. அடுப்போடு வந்த கைநூலில் தமிழ் இல்லை. இப்போது கதவில் இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் இந்த அடுப்பு இருந்தால் இன்றே அப்படியொரு தாளை ஒட்டுங்கள். இல்லாவிட்டால், இருக்கும் வீட்டாருக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். அம்மா வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டியா?" என்ற கேள்வியோடு "எப்படிச் சுட வைத்தாய்?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில், வெளிநாடு போய் வந்த ஓர் அக்காவை முன்னால் அழைத்து, அவர் கற்றதைப் பத்து நிமிடம் பேச விடுங்கள். அவர் பேசி முடிக்கும்போது எத்தனை விடயங்களை நாம் இவ்வளவு நாளும் கேட்காமல் விட்டிருக்கிறோம் என்பது தெரியவரும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.